முனைகளும் விரிகுடாக்களும்: புவியியல் தேர்வின் கதை

கேள்வித்தாளோடு ஒரு இந்திய வரைபடம் வரும். கடகரேகை, கரிசல் மண் பகுதி, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திசை, ஒரு துறைமுகம், ஒரு அணுமின் நிலையம்... எல்லாவற்றையும் குறித்து, பக்கத்தில் பெயர் எழுதி, விடைத்தாளோடு சேர்த்து நூல் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் சமூக அறிவியல் முடிந்தது. பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் குரூப்போ கணக்கு குரூப்போ எடுப்பவர்களுக்குப் புவியியலே அதோடு முடிந்தது. "மேப்பா? ஈஸி மார்க்குடா, விட்றாதே!" என்பதுதான் இந்தப் பாடத்தைப் பற்றி சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லும் ஒரே அறிவுரை. அதற்காகவே ஸ்டேஷனரி கடைகளில் இந்தியா ஸ்டென்சில் விற்கிறார்கள். பிளாஸ்டிக் அட்டையை வைத்து ஓரம் வரைந்து, தினம் இரண்டு மேப் போட்டுப் பழகினால் கை தானாகவே கோதாவரி வரைந்துவிடும். கோதாவரி ஏன் கிழக்கே ஓடுகிறது, நர்மதை ஏன் மேற்கே ஓடுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

இந்த மேப் கேள்வி வானத்திலிருந்து குதித்ததல்ல நண்பர்களே. பள்ளிக்கூடத்தில் புவியியலை எப்படிச் சொல்லித்தருவது, எப்படித் தேர்வு வைப்பது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சண்டை வரலாறு இருக்கிறது. அந்தச் சண்டையின் பெரும்பகுதி நடந்த இடம் இங்கிலாந்து. நம்மூர்ப் பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு அங்கிருந்து கப்பலேறி வந்தது என்பதால், அந்தக் கதையை அங்கிருந்தே தொடங்குவதுதான் சரி.

19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துப் பள்ளிகளில் புவியியல் என்றால் பெயர்ப் பட்டியல். ஆசிரியர் கேட்பார், மாணவர்கள் கோரஸாகச் சொல்வார்கள். கடற்கரை ஓரமாகவே சுற்றிவந்து ஒவ்வொரு முனையின் பெயர், ஒவ்வொரு விரிகுடாவின் பெயர், அப்புறம் ஆறுகள், அந்த ஆற்றங்கரை ஊர்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் தலைநகரம். பின்னாளில் இந்த முறைக்கு "முனை - விரிகுடா புவியியல்" என்றே கேலிப்பெயர் வந்துவிட்டது. 1798ல் ரிச்மால் மேங்னால் என்ற ஆசிரியை எழுதிய கேள்வி-பதில் புத்தகம் பல தலைமுறைக் குழந்தைகளை ஆட்டிவைத்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஃபேவல் லீ மார்ட்டிமர் என்ற அம்மையார் 1849லும் 1852லும் ஐரோப்பா, ஆசியா பற்றிக் குழந்தைகளுக்கு நூல்கள் எழுதினார். ஒவ்வொரு நாட்டு மக்களும் எப்படிப்பட்டவர்கள், யார் சோம்பேறி, யார் அழுக்கு என்றெல்லாம் அடித்துச் சொல்லியிருப்பார். அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போனதோ அபூர்வம்! புத்தகங்கள் மட்டும் நன்றாகவே விற்றன.

ஏன் இப்படி? ஆசிரியர்கள் முட்டாள்கள் என்பதால் அல்ல. பணம்தான் காரணம். 1862ல் பிரிட்டிஷ் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புது விதி கொண்டுவந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார். எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்குத் தகுந்தபடி பள்ளிக்கு மானியம். இன்றைய கம்பெனி பாஷையில் சொன்னால் இன்சென்டிவ் ஸ்கீம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் காசு, புவியியலுக்குக் காசில்லை. விளைவு? புவியியல் ஓரங்கட்டப்பட்டது. 1867ல் புவியியல், வரலாறு, இலக்கணம் மாதிரியான பாடங்களுக்கும் கூடுதல் மானியம் உண்டு என்றார்கள். உடனே புவியியல் திரும்ப வந்தது. ஆனால் எந்த உருவத்தில்? இன்ஸ்பெக்டர் ஐந்து நிமிஷத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய உருவத்தில். இன்ஸ்பெக்டரால் எளிதாகச் சோதிக்க முடிவது பெயர்கள்தான். சென்னை மாகாணத்திலும் அதே நூற்றாண்டில் இதே மாதிரி "ரிசல்ட்" பார்த்து மானியம் கொடுக்கும் முறை இருந்தது.

இங்கேயே இந்தக் கதையின் முடிச்சு விழுந்துவிடுகிறது. தேர்வு இல்லையென்றால் பாடத்தை யாரும் சீண்டுவதில்லை. தேர்வு வைத்தாலோ, தேர்வுக்கு வசதியான துண்டு மட்டும் உயிர் பிழைத்து மீதியெல்லாம் செத்துப்போகிறது. அடுத்த நூற்றைம்பது வருஷமும் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள்.

முதலில் வந்தது ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி. 1830ல் தொடங்கிய சங்கம். ஆப்பிரிக்காவுக்கும் துருவத்துக்கும் ஆள் அனுப்பிப் புகழ் பெற்றது. 1869ல் ஃபிரான்சிஸ் கால்ட்டனின் யோசனைப்படி, பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளிகளுக்குப் புவியியல் தேர்வு வைத்துப் பதக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். பதக்கம் கொடுத்தால் ஆர்வம் வரும் என்று கணக்கு. வரவில்லை. பெரும்பாலான பள்ளிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லிவர்பூல் கல்லூரி, டல்விச் கல்லூரி என்ற இரண்டு பள்ளிகளே திரும்பத் திரும்பப் பதக்கங்களை அள்ளின. 1884ல் பதக்கத் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். தங்கப் பதக்கத்தைக் காட்டினாலும், பல்கலைக்கழகத்தில் சேர உதவாத பாடத்துக்கு எந்தத் தலைமை ஆசிரியரும் நேரம் ஒதுக்க மாட்டார் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

நடுவில் ஐரோப்பாவில் ஒரு போர் நடந்தது. 1870-71ல் பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்தது. தோற்றவர்கள் காரணம் தேடும்போது, ஜெர்மானிய அதிகாரிகளுக்கு வரைபடம் படிக்கத் தெரிந்திருந்தது, நம் அதிகாரிகளுக்குத் தெரியவில்லை என்ற பேச்சு பிரான்ஸில் பலமாக எழுந்தது. பள்ளிகளில் புவியியலைத் தூக்கி நிறுத்தினார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்குப் போர் பயத்தைவிட வியாபார பயம் அதிகம். உலகமெங்கும் சரக்கு விற்கிற தேசத்தில் குமாஸ்தாவுக்கு எந்த ஊரில் என்ன விளைகிறது என்று தெரியாவிட்டால் எப்படி? 1889ல் ஜார்ஜ் சிஷோம் எழுதிய வணிகப் புவியியல் கையேடு இந்தத் தேவைக்குப் பிறந்ததுதான். காமர்ஸ் படிப்பவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டிய புத்தகம். பருத்தி எங்கே, நிலக்கரி எங்கே என்பதோடு நிற்காமல், ஒரு பொருள் ஏன் ஓரிடத்தில் மலிவாக விளைகிறது, அதைக் கொண்டுபோக என்ன செலவு என்று போகும்.

பதக்கம் தோற்ற அதே 1884ல் சொசைட்டி ஜான் ஸ்காட் கெல்ட்டி என்பவரை நியமித்து, உள்நாட்டுப் பள்ளிகளையும் ஐரோப்பியப் பள்ளிகளையும் பார்த்துவிட்டு அறிக்கை தரச் சொன்னது. கெல்ட்டி ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் சுற்றினார். ஜெர்மன் பள்ளிகளில் பெரிய சுவர் வரைபடங்கள், மலையும் பள்ளமும் தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரிகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். இங்கிலாந்தில்? பல தலைமை ஆசிரியர்கள் ஒளிவுமறைவில்லாமலே சொல்லிவிட்டார்கள்: தேர்வில் மதிப்பில்லாத பாடத்துக்கு நேரமில்லை. கெல்ட்டி அங்கே திரட்டிய வரைபடங்களையும் மாதிரிகளையும் 1885 டிசம்பரில் லண்டனில் கண்காட்சியாகவே வைத்துவிட்டார். அடுத்தவன் வீட்டுப் பிள்ளை எப்படிப் படிக்கிறான் பார் என்று காட்டினால்தான் நம் வீட்டில் சூடு பிடிக்கும் இல்லையா!

சூடு பிடித்தது. 1887 ஜனவரி 31 அன்று சொசைட்டியின் மேடையில் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர் என்ற 25 வயது இளைஞர் ஏறினார். புவியியலின் எல்லையும் முறையும் என்பது தலைப்பு. பெயர்ப் பட்டியல் புவியியல் அல்ல, நிலத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவை "ஏன்" என்று கேட்பதுதான் புவியியல், இயற்கை அறிவியலுக்கும் மனிதவியலுக்கும் நடுவே பாலம் போடுவது அதுதான் என்று வாதாடினார். அவர் கொடுத்த உதாரணங்களில் ஒன்று இந்தியா. டில்லி ஏன் பழைய தலைநகரம், கல்கத்தா ஏன் புதிய தலைநகரம்? கல்கத்தா ஆற்றுப் படகும் கடல் கப்பலும் சந்திக்கும் இடம். டில்லி ஆற்று வழியும் தரை வழியும் சந்திக்கும் இடம், பாலைவனத்துக்கும் மலைக்கும் நடுவே உள்ள வாசல். படை நடத்தி வந்தவர்களுக்கு டில்லி, கப்பலில் வந்தவர்களுக்கு கல்கத்தா. இரண்டு புள்ளிகளை மேப்பில் குறிப்பதற்கும் இப்படி யோசிப்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். முன்வரிசையில் ஒரு கடற்படை அட்மிரல் கடைசிவரை "என்ன திமிர்" என்ற தோரணையில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். கண்டம் கண்டமாகக் கப்பல் ஓட்டியவருக்கு ஒரு பொடியன் புவியியல் சொல்லித்தந்தால் கோபம் வராதா!

அதே வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் மெக்கிண்டருக்கு வேலை கிடைத்தது. முதல் வகுப்புக்கு வந்தது மூன்றே பேர். ஒருவர் பேராசிரியர், மற்ற இருவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்ட பெண்கள். மனிதர் அசரவில்லை. 1893ல் பள்ளி ஆசிரியர்கள் கூடி ஜியாகிரஃபிகல் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். மாஜிக் லாந்தர் படங்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதுதான் அதன் முதல் வேலை. 1899ல் ஆக்ஸ்ஃபோர்டில் தனியாகப் புவியியல் பள்ளி உருவானது. அதே வருஷம் மெக்கிண்டர் கென்யா மலை உச்சியில் முதல் ஆளாக ஏறினார். (ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. மெக்கிண்டர் பச்சையான ஏகாதிபத்தியவாதி. பிரிட்டிஷ் பிள்ளைகள் சாம்ராஜ்யத்தைக் கண்ணால் கண்டு பெருமைப்பட வேண்டும் என்பதும் அவருடைய நோக்கம். 1910ல் லாந்தர் படங்களோடு இந்தியாவைப் பற்றி எட்டுப் பாடங்களையே எழுதி வெளியிட்டார்.)

சரி, பாடம் ஜெயித்துவிட்டது. தேர்வு வந்துவிட்டது. "ஏன்" என்ற கேள்வி பிழைத்ததா?

ஆக்ஸ்ஃபோர்டில் மெக்கிண்டருக்குப் பின் வந்த ஹெர்பர்ட்சன் 1905ல் உலகத்தை நாட்டு எல்லைகளை விட்டுவிட்டு, காலநிலையும் தாவரமும் சார்ந்த இயற்கைப் பிரதேசங்களாகப் பிரித்தார். கலிபோர்னியாவும் ஸ்பெயினும் தென் ஆப்பிரிக்காவின் ஒரு மூலையும் ஒரே குடும்பம் என்று காட்டியது நிஜமாகவே அழகான யோசனை. பாடநூல்கள் அதை அப்படியே வாரிக்கொண்டன. கொஞ்ச காலத்தில் அது என்னவாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். மத்திய தரைக்கடல் காலநிலையா? குளிர்காலத்தில் மழை, ஆலிவ், திராட்சை, ஆரஞ்சு. அவ்வளவுதான், அடுத்த கேள்வி. விரிகுடாப் பட்டியல் போய் விளைபொருள் பட்டியல் வந்தது. ஸ்பெயினில் ஏன் குளிர்காலத்தில் மழை என்று கேட்டால் பதில் இல்லை. இந்த ஆலிவ்-திராட்சை வரிதான் கடல் தாண்டி நம்மூர்ப் பாடப் புத்தகத்திலும் வந்து உட்கார்ந்தது. ஆலிவ் காயைக் கண்ணால் பார்த்திராத தலைமுறைகள் அதை எழுதி மார்க் வாங்கின.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு அத்தியாயம் வேறு மாதிரி போனது. அதன் நாயகர் டட்லி ஸ்டாம்ப். எண்ணெய் தேடும் நிலவியலாளராக 1921ல் பர்மா போனவர். 1923ல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இந்தியா, பர்மா, இலங்கை மாணவர்களுக்கும் பாடநூல் எழுதினார். 1926ல் லண்டன் திரும்பினார். 1930ல் அவருக்கு ஒரு துணிச்சலான யோசனை. பிரிட்டனின் ஒவ்வொரு வயலும் எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அரசாங்கத்திடம் அதற்கு ஆளில்லை, காசும் இல்லை. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றனவே!

ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அச்சான பெரிய வரைபடங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த அளவில் ஒவ்வொரு வேலியும் தெரியும். மாணவர்கள் ஆசிரியரோடு சொந்த ஊரில் நடந்தார்கள். காடு என்றால் கரும்பச்சை. புல்வெளி என்றால் இளம்பச்சை. உழுத நிலம் பழுப்பு. புதர்மேடு, தரிசு மஞ்சள். தோட்டம், பழத்தோப்பு ஊதா. கட்டடம், சாலை, சுரங்கம் என்று விவசாயத்துக்கு உதவாத நிலம் சிவப்பு. ஆறே வண்ணம், தலையில் ஏற்ற வேண்டியது எதுவுமில்லை. ஆனால் ஒரு வயலின் முன் நின்று இது புல்வெளியா, உழுது தரிசாகப் போட்ட நிலமா என்று தீர்மானிக்க வேண்டும். அதற்கு மண்ணைப் பார்க்க வேண்டும், விவசாயியிடம் பேச வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளி வரைந்த தாளோடு ஓரம் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் தப்பு. மார்க் கிடையாது. தப்பாக வரைந்தால் ஒரு தேசத்தின் வரைபடத்தில் தப்பு வரும், அவ்வளவுதான்!

பத்து வருஷத்துக்குள் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தன. வெளியிலிருந்து தானியம் வாங்கியே பழகிய பிரிட்டன் தன் புல்வெளிகளை உழ வேண்டிய நிலை. எங்கே உழுவது? எந்தப் புல்வெளி எங்கே இருக்கிறது என்று வயல் வயலாகச் சொல்லும் வரைபடம் அப்போது ஸ்டாம்பின் கணக்கெடுப்புதான். 13, 14 வயதுப் பிள்ளைகள் கலர் பென்சிலால் தீட்டிய தாள்கள் சாப்பாட்டுப் பிரச்சினைக்குப் பயன்பட்டன. 1948ல் ஸ்டாம்ப் முழு முடிவுகளையும் புத்தகமாக வெளியிட்டார். 1960களில் ஆலிஸ் கோல்மன் தலைமையில் மறுபடியும் இதே மாதிரி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதிலும் பள்ளிப் பிள்ளைகளே நடந்தார்கள். பள்ளிப் புவியியலின் மொத்த வரலாற்றிலும் மிக உபயோகமான வேலை இதுதான் என்றால் மிகையில்லை. அதற்கு யாரும் தேர்வு வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு வந்தது மாடல்களின் காலம். 1963ல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் மேடிங்லியில் ரிச்சர்ட் சோர்லியும் பீட்டர் ஹாகெட்டும் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிவைத்து, புவியியலைக் கணக்காகவும் விதியாகவும் சொல்லித்தர வேண்டும் என்று பாடம் எடுத்தார்கள். நகரத்தைச் சுற்றி எந்தப் பயிர் எவ்வளவு தூரத்தில் விளையும் என்று 1826லேயே எழுதிய வான் தூனன், ஊர்கள் அறுகோண வலையாக அமைவதை 1933ல் தென் ஜெர்மனியை வைத்துக் காட்டிய கிறிஸ்டாலர் எல்லோரும் பள்ளிக்குள் வந்தார்கள். பொருளாதாரத்தில் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு படித்தவர்களுக்கு வான் தூனன் சொந்தக்காரர் மாதிரி தோன்றுவார். ரிக்கார்டோவுக்கு நிலத்தின் வளம் முக்கியம், வான் தூனனுக்குச் சந்தைக்கு உள்ள தூரம் முக்கியம். நல்ல விஷயம்தான். ஆனால் தேர்வு வந்ததும் மாணவர்கள் அறுகோணத்தை அழகாக வரையப் பழகிக்கொண்டார்கள். தன் ஊர்ச் சந்தைக்கு எத்தனை கிராமத்திலிருந்து ஆள் வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் எழவில்லை. ஸ்டென்சில் மாறியது, அவ்வளவே.

1988ல் இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. என்ற புதுத் தேர்வு முதன்முதலாக நடந்தது. மனப்பாடம் வேண்டாம், உண்மையான இடங்களை எடுத்து ஆராயுங்கள் என்றார்கள். அதற்குப் பெயர் கேஸ் ஸ்டடி. விளைவு என்னவென்று ஊகிக்க முடிகிறதா? கேஸ் ஸ்டடியையே மனப்பாடம் செய்தார்கள். வெள்ளம் என்றால் பாஸ்காஸ்டில்: 2004 ஆகஸ்ட் 16, கார்ன்வால் பகுதியில் ஒரு சின்ன ஊர், சுமார் 100 பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள், ஒருவரும் இறக்கவில்லை. பூகம்பம் என்றால் கோபே: 1995 ஜனவரி 17, 6,000 பேருக்கு மேல் பலி. தேர்வுக்கு முந்தின இரவில் இவற்றைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிவைத்து உருப்போடுவது அங்குள்ள மாணவர்களின் வழக்கம். வளரும் நாட்டு நகரம் என்றால் பல புத்தகங்களில் வருவது மும்பை, அதில் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய், தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் அதே தாராவிதான். மக்கள் நெருக்கம் இவ்வளவு, கழிப்பறைக்கு இத்தனை பேர், மறுசுழற்சித் தொழிலில் இவ்வளவு பணம் என்று லண்டன் புறநகரில் ஒரு பையன் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்கிறான். அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் அது சித்தப்பா இருக்கிற இடம். ஆலிவ் இங்கே வந்ததற்குப் பதில் தாராவி அங்கே போயிருக்கிறது, கணக்கு நேராகிவிட்டது :-)

களப்பணி கதையும் அதே. ஆற்றில் இறங்கி அகலம், ஆழம், வேகம் அளந்து அறிக்கை எழுதினால் மார்க் என்று இருந்தது. ஆசிரியர்களே எழுதிக்கொடுக்கிறார்கள், எல்லா அறிக்கையும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற புகார் எழுந்தது. 2016ல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் அறிக்கைக்கு மார்க் கிடையாது. இரண்டு முறையாவது வெளியே போக வேண்டும், ஆனால் கேள்வி எழுத்துத் தேர்வில்தான். ஆற்றில் இறங்கி நனைந்தவனும் இறங்கியவன் நோட்டைப் படித்தவனும் அங்கே ஏறக்குறைய ஒன்றுதான்.

இதெல்லாம் நம்மூருக்கு எப்படி வந்து சேர்ந்தது? சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1794ல் இங்கே ஒரு நில அளவைப் பள்ளி எட்டு மாணவர்களோடு தொடங்கியது. அதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி. 1802ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே சுமார் 12 கி.மீ. தூரத்தைச் சங்கிலி போட்டு 57 நாட்கள் அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் வேலையின் முதல் கோடு அது. இன்று அந்த மலையடிவாரத்தில் மெட்ரோ ரயில் பிடித்துப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1926ல் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் என். சுப்ரமணியம் முன்னின்று மெட்ராஸ் ஜியாகிரஃபிகல் அசோசியேஷனைத் தொடங்கினார். இங்கிலாந்துச் சங்கம் மாதிரியே இதுவும் ஆசிரியர்கள் கட்டியது. சொந்தமாக ஒரு சஞ்சிகை நடத்தியது. பிறகு அதுவே இந்தியப் புவியியல் சங்கம் ஆயிற்று. ஆக, வழிகாட்ட ஆளில்லை என்று சொல்ல முடியாது.

இல்லாமல் போனது வேறொன்று. ஸ்டாம்பின் பிள்ளைகள் கையில் இருந்த மாதிரி சொந்த ஊரின் பெரிய வரைபடம்! இந்தியாவில் எல்லை ஓரமும் கடற்கரை ஓரமும் சுமார் 80 கி.மீ. அகலத்துக்கு விரிவான நில வரைபடங்கள் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகர்கோவில் எல்லாம் அந்தப் பட்டைக்குள். தன் ஊரின் ஓடையும் மேடும் காட்டும் வரைபடத்தை ஒரு பள்ளி மாணவன் கடையில் போய் வாங்க முடியாது. 2005 மே மாதம் வந்த தேசிய வரைபடக் கொள்கைதான் பொதுமக்களுக்குத் தனி வரிசை வரைபடம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. அடுத்த மாதமே கூகுள் எர்த் வந்து எல்லார் மொட்டை மாடியையும் காட்டிவிட்டது என்பது தனிக் கதை! முழுதாகக் கட்டுப்பாடு தளர்ந்தது 2021 பிப்ரவரியில். அதுவரை மாணவன் கையில் இருந்தது இந்தியா முழுவதையும் ஒரு பக்கத்தில் அடக்கிய வெற்று வரைபடம் மட்டும். அதில் அவனுடைய ஊர் பென்சில் முனையைவிடச் சின்னது. அதில் என்ன கேள்வி கேட்க முடியும்? "குறிக்கவும்" என்றுதான் கேட்க முடியும்.

இது மார்க் சமாச்சாரம் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை. தாய்லாந்தின் புக்கெட் தீவில் மைக்காவ் கடற்கரையில் இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி பெற்றோரோடு நடந்துகொண்டிருந்தாள். கடல் நுரைத்துப் பொங்கியது. அலை வந்து திரும்பாமல் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் பள்ளியில் புவியியல் வகுப்பில் 1946ல் ஹவாயைத் தாக்கிய சுனாமியின் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தி, அடம்பிடித்துப் பெற்றோரை நகர்த்தினாள். அப்பா ஹோட்டல் காவலரிடம் சொன்னார். கடற்கரை காலியானது. சுமார் 100 பேர் பிழைத்தார்கள்.

அதே காலையில் கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்தன. இலங்கையின் களுத்துறையில் கடல் பின்வாங்கிக் கிடப்பது செயற்கைக்கோள் படத்திலேயே பதிவாகியிருக்கிறது. அப்படித் தரை தெரிந்த இடங்களில் வேடிக்கை பார்க்க இறங்கியவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர், அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். இலங்கையில் 30,000க்கும் மேல். முனைகளின் பெயரும் விரிகுடாவின் பெயரும் அங்கே பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். வங்காள விரிகுடாவை மேப்பில் குறிக்கச் சொன்னால் யாரும் தப்பு விட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆழிப்பேரலை இருக்கிறது. கடலடி நிலநடுக்கம், அலையின் வேகம், 2004ஆம் ஆண்டு எல்லாம் வருகிறது. கைடு புத்தகங்களில் அதற்கு "சுனாமி என்றால் என்ன?" என்று நான்கு வரி விடையும் தயாராக இருக்கிறது, சின்னக் கேள்விகள் பகுதியில்.